ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வீட்டு ஷெட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். பழைய சின்ன கார், 4 கியர் ஆட்டோமேட்டிக். மேடு ஏறும்போது எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி நகர மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கோவையில் பழைய கியர்பாக்ஸ் ஒன்று கிடைக்கிறது. தம்பிக்கு ஓரளவு வேலை தெரியும். நாங்களே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுற்றை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வகை என்றால் மாற்றலாம். சிவிடி (தனித்தனி கியர் இல்லாத வகை), இரட்டை கிளட்ச் வகையென்றால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

ஆனால் ஸ்பேனர் எடுக்கும் முன் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அளவைப் பாருங்கள். ஆயில் அளவு குறைந்த கியர்பாக்ஸ் முதலில் சறுக்குவது, அதாவது எஞ்சின் சுற்றியும் கியர் பிடிக்காமல் போவது, மேட்டிலும் கொண்டை ஊசி வளைவிலும்தான். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சும், பிரஷர் விழும், கிளட்ச் பிடிக்காது. சமதரையில் அதே வண்டி ஒழுங்காக ஓடும். அரை லிட்டர் ஊற்றினால் தீர்ந்துவிடும் கோளாறுக்குக் கியர்பாக்ஸையே இறக்கியவர்கள் உண்டு.

ஆகவே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, நல்ல சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே லீவரை எல்லா நிலைக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் மீண்டும் பி-யில் (பார்க்) வைத்து டிப் ஸ்டிக்கை எடுங்கள். வாட்டமான வாசலில் பார்த்த அளவு பொய் சொல்லும். ஆயில் சிவப்பாக இருந்தால் நல்லது. கருகிய வாடையோடு பழுப்பாக இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்துவிட்டது. அப்போது ரேடியேட்டரையும் மாற்ற வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரையும் போட்டுப் பாருங்கள். பி0700 என்பது ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு எண் பதிவாகியிருக்கிறது’ என்ற அறிவிப்பு மட்டுமே. கூடவே பி0715, பி0720 வந்தால் சில ஆயிரம் ரூபாய் ஸ்பீடு சென்சாராகவும் இருக்கலாம்.

மேட்டில் ஆர்பிஎம்மும் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறாமல் வண்டியும் இழுக்காமல் இருந்தால் அது எஞ்சின் பக்கத்து விஷயம். 1,000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய 10 சதவீதம் சக்தி இழக்கும். உங்கள் ஊர் உயரத்தில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். நீங்கள் சொல்வதுபோல் ஆர்பிஎம் எகிறி வண்டி நிற்பது, ஆயில் அளவும் சரியாக இருந்தால், சறுக்கல்தான்.

பழைய கியர்பாக்ஸை வாங்கும்போது தோற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கூட்டின் மேலுள்ள குறியீட்டு எண் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். ஆயில் பேனைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகத் துண்டு இருந்தால் வேண்டாம். வாய்கள் மூடப்படாமல் மழையில் கிடந்ததும் வேண்டாம், தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் ஒட்டு விட்டுப்போகும். புது ஆக்சில் சீல் இரண்டு, முன் பம்ப் சீல், டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) வளையம் இரண்டு, மேனுவலில் சொன்ன ரக ஏடிஎஃப் 8 லிட்டர் வாங்கி வையுங்கள். இந்த அளவு வண்டிக்கு 6 லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். மீதி கூலர் கழுவ. ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஆகும்’ என்று கடைக்காரர் தரும் சிவப்பு ஆயில் வேண்டாம்.

மலை வீடுகளில் பெரிய ஆபத்து தரையின் சரிவு. பி-யில் போட்டால் வண்டி நிற்பது கியர்பாக்ஸ் வழியாகத்தான். டிரைவ் ஷாஃப்டை உருவிய நொடியிலிருந்து பி வெறும் எழுத்து. முன்பக்கம் ஸ்டாண்டில் இருக்க, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வையுங்கள். மண் தரையில் ஸ்டாண்டு புதையும். சமமான காங்கிரீட் தளம் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கழற்றுவது பொறுமை வேலை. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, கேபிள், கனெக்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்டார்ட்டரை எடுத்ததும், எஞ்சின் முனையிலுள்ள கிராங்க் புல்லியைச் சுற்றிச் சுற்றி டார்க் கன்வெர்ட்டர் போல்ட்டை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எஞ்சினை மேலிருந்து தாங்கிய பிறகே மவுண்டுகளில் கை வையுங்கள். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் கூடு) போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் குத்தி வரிசையாக வையுங்கள். கியர்பாக்ஸ் நல்ல கனம். கையால் தாங்கி இறக்க நினைக்காதீர்கள். கியர்பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள்.

மாட்டும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது, அதுவும் டார்க் கன்வெர்ட்டரில். அதற்குள் அரை லிட்டர் ஏடிஎஃப் ஊற்றி, கியர்பாக்ஸை நிமிர்த்தி வைத்து, மெல்ல அழுத்தியபடி சுற்றுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று படிப்படியாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு தடவையும் ‘டொக்’கென்று கைக்குத் தெரியும். பெல் ஹவுசிங் விளிம்பில் நேரான பட்டை வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். கடைசிப் படி இறங்காமல் எஞ்சினோடு சேர்த்தால் கொஞ்சம் இடைவெளி நிற்கும். அதைப் போல்ட்டை முறுக்கி மூடப் பார்ப்பார்கள். பம்ப் கியர் உடையும். ஸ்டார்ட் செய்தால் எந்த கியரும் விழாது. இரண்டு முகமும் கைப்பலத்திலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் தனியே சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டை (எஞ்சின் பக்கம் கன்வெர்ட்டரைப் பூட்டும் தட்டு) நோக்கிச் சில மில்லிமீட்டர் முன்னே இழுக்க வர வேண்டும். வரவில்லையா, மறுபடி இறக்குங்கள்.

அடுத்தது கூலர். பழைய கியர்பாக்ஸின் தூள் அங்கேதான் தங்கியிருக்கும். ஆயில் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் புது ஏடிஎஃப்பும் காற்றுமாக, சுத்தமாக வரும்வரை கழுவுங்கள். உலோகத் துண்டு வந்தால் கூலரையே மாற்றுங்கள். பழைய கன்வெர்ட்டரை எடுத்துப் போடவும் கூடாது. துடைக்கப் பஞ்சுவேஸ்ட் வேண்டாம், அதன் நூல் வால்வில் போய் அடைக்கும்.

முதலில் 4 லிட்டர் ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்து ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மீதியை ஊற்றுங்கள். அதிகமானால் நுரைத்து, அதனாலும் சறுக்கும். பழைய கியர்பாக்ஸுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பழகிவைத்த கற்றல் பதிவை ஸ்கேனரில் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் தேய்ந்த பெட்டிக்கான பிரஷரையே இப்போது மாட்டியதற்கும் கொடுக்கும்.

சோதனை ஓட்டத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் அளவையும் சீல் கசிவையும் பார்த்துவிட்டு இறங்குங்கள், அதுவும் டி-யில் விடாமல் 2-இல், செங்குத்தான இடங்களில் எல்-இல். வடித்த பழைய ஆயிலை கேனில் அடைத்து ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். ஷெட்டுக்குப் பின்னால் ஊற்றினால் அடுத்த மழைக்கு ஓடையில் இறங்கிவிடும்.