மலை ரோட்டில் சைக்கிளும் பஸ்ஸும்: கேள்வி பதில்

கேள்வி (நானுஓயா, ஒரு தாய்): மகன் பாடசாலைக்குச் சைக்கிளில் போகிறான். இறக்கத்தில் பிரேக் பிடிக்குதில்லை என்கிறான். புது ரப்பர் போட்டும் அப்படித்தான்.

பதில்: அக்கா, ரப்பரை மட்டும் மாற்றினால் போதாது. முதலில் பிரேக் பிடியை முழுதாக அழுத்திப் பாருங்கள். அது ஹேண்டிலைத் தொட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. இரண்டு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். கேபிள் நுனியில் உள்ள திருகை வெளிப்பக்கம் சுற்றினால் இறுகும். அது முழுதாக வெளியே வந்துவிட்டால், பிரேக் பக்கத்து நட்டைத் தளர்த்தி, கேபிளை மூன்று நான்கு மில்லிமீற்றர் இழுத்து மறுபடி இறுக்க வேண்டும். பிடிக்குள் போகும் இடத்தில் கேபிளின் ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளையே மாற்றுங்கள். அறுவது எப்போதும் பலமாகப் பிடிக்கும் நேரத்தில்தான்.

அடுத்தது, ரப்பர் ரிம்மில் மட்டும் முழுதாகப் பட வேண்டும். டயரில் உரசினால் டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். பிரேக் பிடிக்காதபோது ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே இரு பக்கமும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டிருக்க வேண்டும். ரப்பர் பளபளத்தால் அரத்தாளால் தேயுங்கள். ரிம்மில் எண்ணெய் இருந்தால் எந்த ரப்பரும் பிடிக்காது. குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மழையில் பிடிமானம் மிகவும் குறையும். அலுமினிய ரிம்மாக மாற்ற முடிந்தால் அந்தச் செலவு வீண்போகாது.

மகனுக்குச் சொல்ல வேண்டியது: ஈர ரிம்மில் முதல் சில சுற்றுகள் பிரேக் பிடிக்காது. ஆகவே வளைவு வருமுன்பே மெல்லத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன் குறைத்து, வளைவுக்குள் பிடியைத் தளர்த்த வேண்டும். நேர் ரோட்டில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கலாம். நெடுக அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது. சில விநாடி நன்றாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். பையனும் சைக்கிளுமாக 60 கிலோ, 100 மீற்றர் உயரம் இறங்கினால் சேரும் சூடு, ஒரு கோப்பைத் தேநீருக்கான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் பெரும்பங்கு ரிம்முக்கும் ரப்பருக்கும்தான் போகிறது.

கேள்வி (ஹட்டன், பஸ் சாரதி): ஏற்றத்தில் சைக்கிள்காரர் ஓரத்தில் போகாமல் உள்ளே வருகிறார். ஹோர்ன் அடித்தாலும் விலகுவதில்லை. பிழை அவருடையது தானே?

பதில்: அண்ணன், ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: உடைந்த தார் விளிம்பு, சரளை, அப்பால் கான். ஏற்றத்தில் அவர் மணிக்கு 7, 8 கிலோமீற்றரில்தான் போவார். அந்த வேகத்தில் ஹேண்டில் இடமும் வலமும் ஆடித்தான் சைக்கிள் நிற்கும். ஆகவே விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே போவதே சரி.

கணக்கையும் பாருங்கள். ஓரத்தில் ஒரு மீற்றர், ஹேண்டிலின் பாதி 30 சென்ரிமீற்றர், இடைவெளி ஒன்றரை மீற்றர், பஸ் அகலம் இரண்டரை மீற்றர். மொத்தம் 5.3 மீற்றர். ஆறு மீற்றர் ரோட்டில் எதிர்ப்பக்கத்தையும் எடுத்தால்தான் தாண்டலாம். முன்னால் ரோடு தெளிவாகத் தெரியும் நேர்ப்பகுதி வரும் வரை பின்னால் நிற்பது தவிர வேறு வழி இல்லை.

ஹோர்னைத் தூரத்திலிருந்து, 30, 40 மீற்றரில், ஒரு தடவை மெல்ல அடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் அவர் திடுக்கிட்டு வலப்புறம் தலையைத் திருப்புவார்; தலை திரும்பிய பக்கமே சைக்கிளும் சாயும், அதாவது உங்கள் சக்கரத்துக்குள். தாண்டிய பின், இடது கண்ணாடியில் அவர் முழுதாகத் தெரியும் வரை இடப்பக்கம் சேராதீர்கள்.

சைக்கிள்காரருக்கும் கடமை இருக்கிறது: பின்னால் இரண்டு மூன்று வாகனம் சேர்ந்தால், ரோடு அகலும் இடத்தில் ஒதுங்கி விட வேண்டும். அதைச் செய்யாதவர் வேறு சைக்கிள்காரர்களின் மதிப்பையும் கெடுக்கிறார்.

கேள்வி (றம்பொடை, ஓட்டோ ஓட்டுநர்): கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு இடப்பக்கம் இடம் இருக்கிறதே, புகுந்து போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இடப்புற வளைவில் நீண்ட வண்டியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியில் போகாது. உட்பக்கம் வெட்டிப் போகும். அந்த இடம் திரும்பத் தொடங்கும்போது இருக்கும், முடியும்போது இருக்காது. சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் இது ஒன்றுதான்.

கேள்வி (கொழும்பிலிருந்து நுவரெலியா போகிறவர், ஹைபிரிட் கார்): இறக்கத்தில் பிரேக் மணம் வந்தது. என்ன செய்வது?

பதில்: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் அளவு, அது சரியானதே. உங்கள் ஹைபிரிட்டில் கியரை ‘பி’யில் (B; நிறுத்தும்போது போடும் P அல்ல) போடுங்கள். இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் மின் பிரேக் உதவி குறைந்து, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். ‘பி’ எஞ்சினை இழுவையாக்கும். ஓட்டோ கியர் காரில் ‘எல்’ அல்லது ‘2’. நியூட்ரலில் விட்டு உருள விடுவது, எஞ்சினை நிறுத்துவது, இரண்டும் கூடவே கூடாது: எஞ்சின் நின்றால் பிரேக் உதவியும் போகும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

மணம் வந்தால் ஒதுக்கி நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், உலோகத்தில் வெடிப்பு விழலாம். சக்கரத்துக்குக் கல் வைத்தால், புறப்படும்போது அதை ரோட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். நடுரோட்டில் கிடக்கும் அந்தக் கல், இருட்டில் வரும் சைக்கிளை விழுத்தும். இதைப் பலர் மறந்து போவது மனதை வருத்துகிறது.

கேள்வி (ஹப்புத்தளை): பனிமூட்டத்தில் எவ்வளவு வேகம்?

பதில்: கண் எவ்வளவு தூரம் பார்க்கிறதோ, அதற்குள் நிற்கக்கூடிய வேகம். 20 மீற்றர் தெரிந்தால், ஈர இறக்கத்தில் மணிக்கு 25 கிலோமீற்றர்தான் மேல்வரம்பு. 40இல் வந்தால் நிற்க ஏறத்தாழ 38 மீற்றர் வேண்டும். மிச்சம் 18 மீற்றரில் எதிரே ஒருவர் இருக்கிறார். விளக்கு டிம்மில் இருக்கட்டும், பிரைட் பனியில் திரும்பி உங்கள் கண்ணைத்தான் அடிக்கும். சைக்கிளில் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மழைக்கோட்டின் நிறம் முக்கியம்: கறுப்பு, கடும் நீலம் வேண்டாம். மழைக்கோட்டு பின்விளக்கை மூடுகிறதா என்றும் பாருங்கள்.

தென்மேற்குப் பருவம், மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் கடுமை. பதுளைப் பக்கம் டிசெம்பர், ஜனவரி.

கேள்வி (கொட்டகலை): ரயில் கடவையில் சைக்கிள் வழுக்குகிறது.

பதில்: தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சரிவாகப் போனால் டயர் பள்ளத்தில் மாட்டும். ஈரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பைனஸ் ஊசியிலை கிடக்கும் இடத்திலும் வெள்ளைக் கோட்டிலும் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

கேள்வி (தலவாக்கலை): விபத்து நடந்துவிட்டால்?

பதில்: 1990 என்ற எண்ணை அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். பொலிசுக்கு 119. இருவரை உடனே அனுப்புங்கள்: ஒருவர் மேல் வளைவுக்கு, ஒருவர் கீழ் வளைவுக்கு, வருகிறவர்களை நிறுத்த. கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் விழுந்தவரைத் தூக்காதீர்கள், தலைக்கவசத்தையும் கழற்றாதீர்கள். குளிரில் கிடப்பவருக்கு ஒரு கம்பளி போர்த்திவிடுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாவது மைல்கல் என்று சொன்னால்தான் அம்பியூலன்ஸ் சரியான வளைவுக்கு வரும்.