டிவோஷன் ஆல்பமும் உங்கள் ஹெட்போனும்

அமெரிக்க இசைக்குழுவான பீச் ஹவுஸின் டீன் ட்ரீம் ஆல்பம் பிடித்துப்போய், அவர்களின் இரண்டாவது ஆல்பமான டிவோஷனைப் போட்டால் எல்லாமே மங்கலாகக் கேட்கிறது, ஹெட்போன் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ஹெட்போன்மேல் பழி போடாதீர்கள், ஆல்பமே அப்படித்தான்! 2008இல் வந்தது. விக்டோரியா லெக்ராண்டின் ஆர்கன், அலெக்ஸ் ஸ்கேலியின் கிட்டார், அடியில் சன்னமாக ஒரு டிரம் மெஷின். 2010இல் வந்த டீன் ட்ரீமின் பளிச்சென்ற ஒலியை இதில் தேடினால் ஏமாற்றம்தான். இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் அப்போதே நல்ல மதிப்பெண் கொடுத்தது. எனக்கும் இதுதான் ஒரு படி மேல். முதலில் ‘கீலா’ பாட்டை மட்டும் கேளுங்கள். அந்தக் கிட்டார் மெட்டு திரும்பத் திரும்ப வரும், மூன்றாவது தடவை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ‘ஹார்ட் ஆஃப் சேம்பர்ஸ்’. பஸ்ஸில் வேண்டாம், இராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.