வெள்ளி வயரும் வெள்ளிக் கணக்கும்: செந்தூல் பட்டறைக் கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் பட்டறை வைத்து 26 வருஷம் ஆகிறது. கோயில் ஒலிபெருக்கி, கல்யாண மண்டப சிஸ்டம், பங்களா வீட்டு ஸ்டீரியோ எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவன். விலை கூடின கேபிள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன். வந்து குவிந்துவிட்டது.

கெப்போங் தம்பி: அண்ணே, ஸ்பீக்கர் வயர் மீட்டர் 4 வெள்ளிக்கும் இருக்கு, 400 வெள்ளிக்கும் இருக்கு. ஹாலில் 5 மீட்டர் இழுக்கணும். எது நல்லது?

பதில்: 4 வெள்ளி வயர் போதும் தம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம் மின்தடை. போக வர 10 மீட்டர் என்றால் 0.07 ஓம். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட வயரில் போகவில்லை. வெள்ளி வயர் (ரிங்கிட் காசைச் சொல்லவில்லை, உலோகத்தை) செம்பைவிட ஐந்தாறு சதவிகிதம்தான் நன்றாகக் கடத்தும். அதைவிடக் கொஞ்சம் தடித்த செம்பு வயர் வாங்கினால் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் செம்புதானா என்று பார்த்து வாங்குங்கள். செம்பு முலாம் போட்ட அலுமினிய வயர் நிறைய ஓடுகிறது. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. அது நல்ல சரக்கு.

பங்சார் ஐயா: 2,800 வெள்ளி கொடுத்து சிடி பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவில் கேபிள் மாற்றினேன். சமையலறையில் இருந்த என் மனைவியே "என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இந்த மனைவியை எனக்குத் தெரியும் ஐயா. கேபிள் வாங்கின எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறார்.

கோபிக்க வேண்டாம், நீங்கள் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. மாற்றம் நிஜமாகவே இருந்திருக்கலாம். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஐந்தாறு வருஷம் தொடாத ஆர்சிஏ சாக்கெட்டில் (அந்தக் கேபிளின் பின் செருகும் ஓட்டை) கறுப்பு படியும். பழைய கேபிளை உருவிப் புதியதைச் செருகும்போது அந்த அழுக்கு சுரண்டப்பட்டுவிடும், சத்தம் தெளியும். பெருமை மட்டும் கேபிளுக்குப் போகும். பழைய கேபிளின் பின்னையும் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். ஒருமுறை புது ஸ்பீக்கர் வயர் போட்டதும் பாஸ் சத்தம் நெஞ்சில் இடித்தது. இரண்டு நாள் எல்லாரிடமும் பெருமையடித்தேன். அப்புறம் பழைய வயரைச் சுருட்டும்போதுதான் கண்ணில் பட்டது: ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறி முடுக்கியிருக்கிறேன். இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளி பாஸை விழுங்கிக்கொண்டிருந்தன. முடுக்கினது நானேதான்.

ராவாங் வாசகர்: ஸ்பீக்கர் வயர் எவ்வளவு விலையில் வாங்கலாம்?

பதில்: கெப்போங் தம்பிக்குச் சொன்னதுதான். பிளேடு மறக்க வேண்டாம்.

செராஸ் வாசகர்: 600 வெள்ளி எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் படம் பளிச்சென்று வருமா?

பதில்: வராது. டிஜிட்டல் வந்தால் முழுசாக வரும், கெட்டால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும் அல்லது திரை இருண்டுவிடும். நிறம் கூடுவதெல்லாம் இல்லை. பத்து மீட்டருக்கு மேல் இழுப்பதாக இருந்தால் மட்டும் வந்து பேசுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா: ஸ்பீக்கரில் எந்நேரமும் "ம்ம்ம்" என்று இரைச்சல். நல்ல கேபிள் போட்டால் போகுமா? மூன்று பின் பிளக்கில் ஏர்த்து வயரை எடுத்துவிட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: அக்கா, ஏர்த்தில் கை வைக்காதீர்கள். இரைச்சல் போகும், கூடவே ஆளும் போகலாம். 230 வோல்ட். ஆம்பின் உள்ளே ஒரு வயர் கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால் உங்களைக் காப்பது அந்த ஒரு வயர்தான்.

அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல். இரண்டு சாதனம் இரண்டு வழியில் ஏர்த்தைத் தொடும்போது வரும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் கூரை டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் திருடன் அதுதான். சுவர் சாக்கெட்டிலேயே கோளாறு என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.

பங்சார் ஐயா: பின்னைத் துடைத்துப் பார்த்தேன். புதுக் கேபிள்தான் இன்னும் நன்றாக இருக்கிறது. காதைவிட உங்கள் மீட்டர் பெரிதா?

பதில்: மீட்டர் வேண்டாம், காதே போதும். பட்டறைக்கு வாருங்கள், கண்ணை மட்டும் மறைத்துக்கொள்வோம். எந்தக் கேபிள் ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை சொல்லுங்கள். 12 சரியாக வந்தால் ஒத்துக்கொள்கிறேன், குருட்டாம்போக்கில் அப்படி வர நூற்றுக்கு நாலு வாய்ப்புகூட இல்லை.

ஜெலுத்தோங் ஆசிரியர் (பணி ஓய்வு): இதில் வாதமே தேவையில்லை. 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் என்று, போலிகளை அம்பலப்படுத்திய மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 2007-இல் சவால் விட்டார். யாரும் வாங்கவில்லையே!

பதில்: சார், நானும் உங்கள் கட்சிதான், ஆனால் அதைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. நடக்காத ஆட்டத்துக்கு யார் கோல் கணக்கு எழுதுவது?

பங்சார் ஐயா: பரீட்சை என்றாலே பதற்றம், காது மந்தமாகிவிடும்.

பதில்: இது நியாயமான பேச்சு. அப்படியானால் பட்டறைக்கு வர வேண்டாம். இரண்டு கேபிளுக்கும் கறுப்பு உறை போடுங்கள். தினமும் உங்கள் மனைவி காசு சுண்டிப் பார்த்து ஒன்றை மாட்டட்டும். நீங்கள் நிதானமாகப் பாட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். 16 நாள்.

ஆயர் ஈத்தாம் அக்கா, பினாங்கு: அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியில் மூன்று மீட்டர் கேபிள் மாட்டியிருக்கிறேன். குரல் கீச்சென்று இருக்கிறது. கேபிள் காரணமா?

பதில்: அப்பாடா, கேபிள் நிஜமாகவே வேலை காட்டும் இடம் இதுதான் அக்கா. மூவிங் மேக்னட் ஊசிக்கு (காந்தம் அசைந்து சத்தம் எடுக்கும் வகை) கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, முக்கியம். பெரும்பாலும் மொத்தமாக 150 முதல் 300 பிக்கோஃபேரட் வரை கேட்கும். சாதாரணக் கேபிளே மீட்டருக்கு 100 போல இருக்கும். மூன்று மீட்டர், அதோடு ஊசியைத் தாங்கும் கைக்குள் ஓடும் வயர், ஆம்பின் உள்ளே இருப்பது எல்லாம் சேர்ந்தால் அளவு தாண்டிவிடும். மேல் சுரம் ஓரிடத்தில் துருத்திக்கொண்டு, அதற்கு மேல் சரிந்து விழும். அந்தக் கீச்சு அதுவாக இருக்கலாம். பெட்டியை ஆம்புக்குப் பக்கத்தில் நகர்த்தி ஒரு மீட்டர் கேபிள் போடுங்கள். 50 வெள்ளிக்குள் முடியும். பெட்டியில் தனியாக ஏர்த்து வயர் தொங்கினால் அதையும் ஆம்பில் முடுக்குங்கள். வெட்ட வேண்டாம்!

பூச்சோங் வாசகர்: புதுக் கேபிளை 200 மணி நேரம் ஓடவிட்டால்தான் பழகுமாமே?

பதில்: பழகுவது காது.

அம்பாங் வாசகர்: எந்த ஸ்பீக்கர் வயர் நல்லது?

பதில்: கெப்போங் தம்பி. பிளேடு.

பங்சார் ஐயா: உறை தைக்க மனைவியைக் கேட்டேன். அன்றைக்கு அவர் கேட்டது பாட்டைப் பற்றியே இல்லையாம். கேபிள் மாட்ட சோபாவை இழுத்த சத்தம் கேட்டு, என்ன மாத்தினீங்க என்றாராம்.

பதில்: சோபாவைத் திரும்ப அதே இடத்தில் போட்டீர்களா? பின்சுவரை ஒட்டி இருந்த சோபா ஓரடி முன்னால் வந்தாலே பாஸ் மாறிவிடும். சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள்.