காலின் ஆழ்சிரையில் ரத்தம் ஏன் உறைகிறது?

வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும் என்கிறார்களே, ஏன்? தசைக்குள் ஆழமாக ஓடும் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் கட்டியாக உறைவதுதான் இது. காலிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றும் பம்பு, கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சிரையைப் பிழிந்து தள்ளுகிறது. அசையாவிட்டால் ரத்தம் தேங்கும், ஓடாத வாய்க்காலில் பாசி பிடிக்கிற மாதிரி. 4 மணி நேரத்துக்கு மேல் பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பின் ஆபத்து கூடும்.

மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்த்துவிடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கட்டி பிய்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம், தோலில் சுருண்டு புடைத்துத் தெரியும் வெரிகோஸ்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது மேலோட்டமான சிரை. இந்தக் கட்டி கண்ணுக்குத் தெரியாது.