பழைய கட்டடத்தை இடிக்கவே இல்லை, பக்கத்தில்தான் உயரமாகக் கட்டுகிறார்கள். இதில் பாரம்பரியத்துக்கு என்ன பாதிப்பு என்று சிலர் கேட்கிறார்கள்.

பாதிப்பு உண்டு. ஒரு கோபுரமோ குவிமாடமோ தூரத்திலிருந்து கண்ணில் படுவதற்காகவே கட்டப்பட்டது. அந்தப் பார்வையை அடைத்துவிட்டால் கல் மட்டும்தான் மிஞ்சும்.

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றி 1930களிலேயே உயரக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மேடு இருக்கிறது. அங்கே வேலிச்செடியில் விட்டுவைத்திருக்கும் சின்ன இடைவெளி வழியாகப் பார்த்தால், ஏறக்குறைய 16 கி.மீ. தள்ளி அந்தத் தேவாலயத்தின் குவிமாடம் தனியாகத் தெரியும். சட்டமே பாதுகாக்கும் காட்சி அது. ஆனாலும் 2016-ல் குவிமாடத்துக்குப் பின்னால், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் 42 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நின்றது. முன்னால் மறைக்கவில்லைதான், ஆனால் வெறும் வானமாக இருந்த பின்னணி போய்விட்டது. அதனால் முன்பக்கத்தை மட்டும் அளந்து அனுமதி கொடுப்பது போதாது என்பது என் கருத்து.

அதற்காக எதையுமே கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டனில் எல்பே ஆற்றின் குறுக்கே நால்வழிப் பாலம் வேண்டும் என்று 2005-ல் மக்களே வாக்களித்தார்கள். போக்குவரத்து நெரிசல் அவர்களுடைய அன்றாடப் பாடு. ஆனால் அந்தப் பாலம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் காட்சியைக் கெடுக்கிறது என்று, கடைசியில் 2009-ல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை போடலாம் என்ற யோசனையும் பேச்சில் இருந்தது, எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

உங்கள் ஊரில் இப்படித் திட்டம் வந்தால், எந்தெந்த இடத்திலிருந்து காட்சியைக் கணக்கிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்புறம் மாடி எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாம்.