அவளும் கேட்கவில்லை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எடை அதிகம், வேறு நோய் எதுவுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளிக்கு வேனில் போய் வருகிறான். மாலையில் டியூஷன், முடிந்தால் கைபேசி. கிரிக்கெட் பயிற்சிக்கு மாதம் 3,000 ரூபாய் கேட்கிறார்கள், சேர்க்கலாமா? 14 வயது மகளால் தொல்லை இல்லை. வயதுக்கு வந்த பிறகு அவளுடைய சைக்கிளை நாத்தனார் மகனுக்குக் கொடுத்துவிட்டோம், அவளும் கேட்கவில்லை. மகனை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.
வாசகி, காமராசர் சாலை, மதுரை

பதில்: சகோதரி, பெயரும் தெருவும் மட்டும் மாறி இதே கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேனும் டியூஷனும் கைபேசியும் அவளுக்கும் உண்டுதானே? தம்பிக்கு எடை கூடியது, உங்கள் கண்ணில் பட்டது. அவளை ஒரு நாளாவது அதே இரண்டு மாடி ஏறச் சொல்லிப் பார்த்தீர்களா? 'அவளும் கேட்கவில்லை' என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சடங்கு செய்துவிட்டு, அந்தக் கையோடு சைக்கிளை வேறு வீட்டுக்கு அனுப்பினால், இனி அதைக் கேட்பதே தப்பு என்றுதானே 14 வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும்?

'நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வயதுக்கு வந்தவளை அன்றும் விளையாட விட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தாள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள், கண்மாய்க்கரையில் துணி துவைத்தாள், களத்துமேட்டுக்கு நடந்தாள். அந்தப் பாடு திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகவே படிப்பை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். வேலை போனது நல்லதுதான், ஆனால் அந்த வேலையோடு கூடவே இருந்த தடையை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அதனால் பாட்டிக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் வராத நிலை உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது: காலையிலிருந்து இரவு வரை அவள் உடம்புக்கு அசைவே இல்லை.

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு சற்று வேகமாகும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் அது 78, பெண்பிள்ளைகளில் 85. எலும்பின் வலுவில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது; அதற்குக் குதிப்பும் ஓட்டமும் வேண்டும். மாதவிடாய் வந்ததால் ஓடக்கூடாது என்று இன்றைய நவீன மருத்துவம் சொல்லவில்லை.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில், கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்து, செருப்பில்லாத காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டம் ஓடினார். அந்தப் பாட்டியிடம் மண்டபம் பிடிக்கப் பணம் இருந்திருக்காது. பேத்தியை ஓட விடும் மனசு இருந்தது. உங்கள் மகள் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை, தெருமுனை வரை போனால் போதும். தெருவில் வண்டியும் வம்பும் உண்டு என்பீர்கள். உண்டு. அதற்குத்தான் அப்பா என்று ஒருவர் வீட்டில் இருக்கிறார். கடிதம் முழுக்கத் தேடினேன், அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டுவதோடு தகப்பன் கடமை முடிந்துவிடுவதில்லை, இதை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

3,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். உங்கள் சாலையின் கோடியிலேயே வண்டியூர்த் தெப்பக்குளம் இருக்கிறது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். டியூஷனை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துவிட்டு, நால்வருமாக அங்கே போங்கள். மகன் முதலில் நடக்கட்டும், மூச்சு பழகியபின் ஓடட்டும். உடற்கல்வி வகுப்பில் கணக்குப் பாடம் நடத்துகிறார்களா என்று பள்ளியிலும் கேளுங்கள்; நடத்தினால் விடாதீர்கள்.

ஆனால் அதற்கு முன்பு, இந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போய் அந்தச் சைக்கிளைத் திருப்பிக் கேளுங்கள். சங்கடமாக இருந்தாலும் நீங்களே கேளுங்கள், மகளை உடன் நிறுத்திக்கொண்டு கேளுங்கள். டியூப் மாற்ற வேண்டியிருக்கும். சீட்டையும் இரண்டு அங்குலம் உயர்த்தச் சொல்லுங்கள், அவள் வளர்ந்திருப்பாள்.