1964 எம்ஜிபி வாங்கியாச்சு, உள்ளே இருப்பது எந்த வருஷத்து என்ஜின்?

கேள்வி: பல வருஷ ஆசைக்குப் பிறகு 1964 எம்ஜிபி ரோட்ஸ்டர் (இங்கிலாந்தின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரிஜினல் என்ஜின், நம்பர் எல்லாம் மேட்சிங் என்று விற்றவர் விளம்பரத்திலேயே போட்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் என்ஜின் நம்பர் 18வி என்று தொடங்குகிறது. ஓடுவதென்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஆர்பிஎம் மீட்டரில் முள் அசையவே இல்லை. கூடவே ஒரு பெட்டி நிறைய பழைய பாகங்களும் கொடுத்தார், அதில் எது இந்தக் காருடையது என்று தெரியவில்லை. மொத்தமாகப் பிரித்துப் போட்டு ஆரம்பித்துவிடலாமா?

பதில்: இப்போது பிரிக்காதீர்கள். எந்தப் பாகம் எங்கே இருந்தது, ஒயர் எந்த வழியாகப் போனது என்பதற்கெல்லாம் இன்றைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, பிரிக்காமல் நிற்கும் அந்தக் கார்தான். முதலில் மூலை மூலையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். எம்ஜிபி 1962-ல் வந்தபோது அதிலிருந்த 1798 சிசி என்ஜினின் நம்பர் 18ஜி என்று தொடங்கும், அப்புறம் 18ஜிஏ வந்தது. இரண்டிலும் கிராங்க்கை, அதாவது என்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டை, தாங்க மூன்று மெயின் பேரிங். 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் என்ஜின் வந்தது, அது 18ஜிபி. 18வி 1971-க்கு முன்னால் கிடையவே கிடையாது. அதனால் உங்கள் காரில் இருப்பது பிறகு மாற்றிய என்ஜின், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆர்பிஎம் மீட்டர் அசையாததும் இதோடு சேர்ந்த கதையாகத்தான் இருக்கும். மூன்று பேரிங் என்ஜின் இருந்த கார்களில் அந்த மீட்டர் கேபிளில் ஓடியது, கேபிள் என்ஜினிலிருந்தே வரும். ஐந்து பேரிங் வந்தபோது மீட்டரும் மின்சாரத்தில் ஓடுவதாக மாறிவிட்டது, 18வி-யில் அந்தக் கேபிளை மாட்ட இடமே இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், மீட்டரின் பின்பக்கம் கேபிள் திருகும் மரை இருந்தால் மீட்டர் பழுதாகவில்லை, அதைச் சுற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் காரோடு பிறந்த பொருளாக அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அதே இடத்தில் மின்சார மீட்டர் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1967 வரை இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். அப்புறம் ஆல்டர்னேட்டர் வந்தபோது நெகட்டிவ் எர்த் ஆனது. உங்கள் காரை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும் (அல்லது அவற்றுக்குப் பதிலாக ஒரே 12 வோல்ட்), பாடியில் மாட்டியிருப்பது எந்த முனை என்று பார்க்காமல் மீட்டர், ரேடியோ என்று எதையும் இணைக்காதீர்கள்.

பெட்டியில் இருப்பதைப் பிரித்தறிய, பாகத்தின் மேல் இருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் பாக எண்ணோடு தயாரித்த காலமும் குத்தியிருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும். காரின் தேதிக்குச் சில மாதம் முந்திய எண் இருந்தால் அது இந்தக் காருடையதாக இருக்கலாம், பிந்திய எண் என்றால் நிச்சயம் இல்லை. எஸ்யூ கம்பெனியின் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் மூடியில் திருகோடு ஒரு சின்ன அலுமினியத் தகடு தொங்கும், எந்த என்ஜினுக்கான கார்புரேட்டர் என்று அதிலுள்ள எண் சொல்லும். பல கார்களில் அதை யாரோ தொலைத்திருப்பார்கள், உங்களுடையதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

கதவையும் பாருங்கள். 1965 வரை வெளிக் கைப்பிடி இழுத்துத் திறப்பது, அப்புறம் பட்டன் அழுத்துவது. பட்டன் இருந்தால் கதவும் வேறு காரிலிருந்து வந்திருக்கலாம்.

விற்றவரிடம் பேசுவதற்கு முன் ஒரு காகிதம் கையில் வேண்டும். இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இந்தக் கார்களின் தொழிற்சாலைப் பதிவுகள் இருக்கின்றன. ஜிஹெச்என்3 என்று தொடங்கும் உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஹெரிடேஜ் சான்றிதழ் கேட்டால், கார் எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த என்ஜின் நம்பரோடு வெளியே போனது என்பதெல்லாம் அதில் வரும். அதையும் விளம்பரத்தின் படத்தையும் ஒன்றாக வைத்துக் கேளுங்கள். பாதியைப் பிரித்த பிறகு போய்க் கேட்டால், "இதை நீங்களே மாற்றியிருப்பீர்கள்" என்பார்கள்.

ஆனால் அந்த 18வி-யை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நல்ல என்ஜின் அது. ஒரிஜினல் இல்லாத காருக்கு ஒரிஜினல் விலை கொடுத்தீர்கள் என்பதுதான் உங்கள் குறை, அதை விலையில் தீர்த்துக்கொள்ளுங்கள், என்ஜின் பாட்டுக்கு ஓடட்டும். கிளட்ச், ஸ்டார்ட்டர் வாங்கும்போது மட்டும் "1964 எம்ஜிபி" என்று கடையில் கேட்காதீர்கள். 1967-ல் கியர்பாக்ஸ் மாறியபோது ஸ்டார்ட்டர் வகையும் மாறியது, என்ஜினை மாற்றியவர் எந்த வகைப் பிளைவீலை (ஸ்டார்ட்டர் சுற்றிவிடும் சக்கரம்) போட்டார் என்று தெரியாது. கையில் இருக்கும் பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: இதே மாதிரிக் கார்தான் எனக்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், 'சில்' என்று சொல்லும் பகுதி துருப்பிடித்திருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் தகடு வைத்து மூடினால் போதும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: போதாது. எம்ஜிபி-க்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது, பாடியேதான் சட்டம், அதன் பலத்தில் பெரும்பகுதியைச் சில்தான் தாங்குகிறது. மேலே தகடு வைத்தால் உள்ளே அரிப்பது நிற்காது. கதவை மூடி அதைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள், கதவின் பின்பக்கம் மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் நடு ஏற்கெனவே தொய்ய ஆரம்பித்துவிட்டது. வெட்டும்போது கதவு வாசலுக்குள் கம்பி வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தில் கை வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.